மூன்று நாள் கழித்துத் திறக்கவும்

பொறாமை பிடித்த பெண்களைப் பற்றி எழுத எனக்கு முழு உரித்து உண்டு. நானும் ஒருத்தி, ஷைன்டல் இன்னொருத்தி. ஷைன்டலின் பொறாமை வாய்விட்டுக் கத்தும். என்னுடையது நல்ல பிள்ளைபோல் வாயை மூடிக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும். இரண்டிலும் அதுதான் கூடாதது.

ஷைன்டல் என் முதலாளி. ரொறொன்ரோவில், பாதர்ஸ்ற் வீதியும் லோறன்ஸ் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, தன் வீட்டு பேஸ்மென்ற்றில் விக் கழுவிச் சீவும் கடை வைத்திருக்கிறாள். பக்தியான யூதப் பெண்கள் கலியாணம் முடித்த நாளிலிருந்து தங்கள் தலைமயிரைப் பிறத்தியாருக்குக் காட்டமாட்டார்கள். சிலர் துணி கட்டுவார்கள், பலர் விக் போடுவார்கள். அன்றாடத்துக்கு ஒன்று, கலியாணம் காட்சிக்கு ஒன்று. நல்ல விக் என்று அவர்கள் சொல்வது இரண்டாவதை. எங்களுக்குக் கூறைச்சேலை மாதிரி, கண்ட நாளுக்கு அலுமாரியை விட்டு வெளியே வராது.

நான் அங்கே வேலை கேட்டுப் போனபோது ஷைன்டல் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, பின்னலை.

"உது உன்ர சொந்தத் தலைமயிரோ?"

"ஓம்."

"விக்கிற யோசினை இருக்கோ?"

இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அவள் பேசுவது ஆங்கிலம். என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், ஆகவே அப்படியே தருகிறேன். ஒரு காலத்தில், இந்தியக் கோயில்களில் மொட்டையடித்த தலைமயிர் வேறு கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை, அதை விக்கில் வைக்கக்கூடாது என்று அவர்களுடைய மதகுருமார் தீர்ப்புச் சொன்னார்களாம். ஷைன்டல் பதினான்கு விக்கைத் தன் கையாலேயே வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தாளாம். "உங்கட கடவுளாலை எனக்குப் பதினாலு விக் போச்சு" என்றாள். "எங்கட கடவுளுக்கு வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் இல்லை" என்றேன். சிரித்தாள். அடுத்த நாள் வேலைக்கு வரச் சொன்னாள். பதினைந்து வருஷமாயிற்று. வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்து இன்றைக்கும் போகிறேன்.

அவளுடைய கதை நீளமில்லை. மொன்றியலில் பிறந்து, பத்தொன்பது வயதில் விக் வேலை பழகி, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டு வருஷத்தில் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளை இல்லை. தங்கச்சி பெஸி புற்றுநோயில் போனபோது பெஸியின் மகள் ரிவ்காவுக்கு ஆறு வயது. தகப்பன்காரன் மறுகலியாணம் செய்துகொண்டு நியூயோர்க்கோடு போய்விட்டான். ரிவ்காவை வளர்த்தது ஷைன்டல். பள்ளிக்கூடப் பாடத்தை அந்தப் பிள்ளை விக் மாட்டும் தலைகளுக்கு நடுவே இருந்துதான் எழுதியது. காய்ச்சலுக்கு மருந்து, கலியாணத்துக்கு மாப்பிள்ளை, எல்லாம் பெரியம்மாதான். ஆனால் பெரியம்மா பெரியம்மாதான். ரிவ்கா அவளை "ஷைன்டி" என்று கூப்பிடுவாள்.

மாமியாரை "அம்மா" என்று கூப்பிடுவாள்.

மாமியார் பெயர் மல்கா. ஷைன்டலின் வயதுதான். ஒன்பது பிள்ளைகள் பெற்றவள். பேரப்பிள்ளைகளை எண்ணினால் கண்ணூறு பட்டுவிடும் என்று மல்கா எண்ணமாட்டாள். ஷைன்டல் அவளுக்காக எண்ணி வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று.

"நாப்பத்து மூண்டு, நிரு. ஒவ்வொருத்தரின்ர பேரும் அவளுக்கு ஞாபகம் இருக்குமோ? நான் கேக்கிறன், இருக்குமோ?"

"உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகமாயிருக்கே" என்றேன். ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு கொரோனா வந்தது. ஷைன்டலுக்கு ஆஸ்துமா. மார்ச் மாதமே கடைக் கதவைப் பூட்டினாள். ஆனால் விக் வேலையில் ஒரு வசதி இருக்கிறது. தலை வரத் தேவையில்லை, தலைமயிர் மட்டும் வந்தால் போதும். பெண்கள் விக்கைப் பெட்டியில் வைத்துப் பக்கவாசல் படியில் விட்டுவிட்டுப் போவார்கள். வந்த பெட்டி கராஜில் மூன்று நாள் கிடக்கும். பிறகுதான் நாங்கள் தொடலாம். வேலை முடிந்து போகிற பெட்டிக்கும் அதே சட்டம். எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியுமா? "மூன்று நாள் கழித்துத் திறக்கவும்" என்று ஸ்ரிக்கரில் எழுதி ஒட்டுவது என் வேலை. காலையில் வந்ததும் இருபது ஸ்ரிக்கர் எழுதி வைத்துவிட்டுத்தான் மாஸ்க்கைச் சரி பண்ணுவேன்.

கோடை முடிய, அது பெட்டியால் அல்ல, காற்றால்தான் கூடப் பரவுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நான் போய்ச் சொன்னேன்.

"காத்தை நான் கராஜில வைக்கேலாது" என்றாள் ஷைன்டல். "பெட்டியை வைக்கலாம்."

அந்த வீதியில் பாதிப் பேர் ஷைன்டல் மாதிரி. மற்றப் பாதி மல்கா மாதிரி. ஷைன்டலின் கோயிலில் கூடாரம் அடித்து, கதிரைகளை எட்ட எட்டப் போட்டு, குளிரில் நின்று கும்பிட்டார்கள். மல்காவின் ஆட்கள் ஒரு வீட்டு பேஸ்மென்ற் யன்னலுக்குக் கறுத்தத் துணி தொங்கவிட்டு உள்ளே தோளோடு தோள் முட்டிப் பாடினார்கள். உயிர் போகிற இடத்தில் ஓய்வுநாளையே மீறலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது என்பாள் ஷைன்டல். நல்ல காரியத்துக்குப் போகிறவனுக்குத் தீங்கு வராது என்று புத்தகத்தில் இருக்கிறது என்பாள் மல்கா. இரண்டும் ஒரே புத்தகம்தான். இதைக் கேட்டு எனக்குப் புதினமாக இருக்கவில்லை. எங்களுடைய ஆட்களிலும் வாசலில் மஞ்சள் தண்ணீர் வைத்தவளும், மூடின மண்டபத்தில் இருநூறு பேரைக் கூட்டினவனும் ஒரே கோயிலின் உபயகாரர்தானே.

எவள் எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெரியாவிட்டாலும் எங்கள் கராஜுக்குத் தெரியும். அந்த வருஷம் கலியாணங்கள் எல்லாம் பத்துப் பேரோடு நடந்தன என்று பேர். ஆனால் ஒரு கிழமையில் நாற்பது நல்ல விக் வந்து குவியும். "பத்துப் பேருக்கு நாப்பது தலை" என்று ஷைன்டல் பெட்டிகளைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது. அந்த நாற்பதில் ஒன்றாக அவளும் நின்று ஆடியிருக்க வேண்டியவள். ஆட்டத்தில் அவளுக்கு நல்ல விருப்பம்.

மல்கா பெட்டியும் கொண்டுவரமாட்டாள். விக்கை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, மாஸ்க் இல்லாமல், படி இறங்கி நேராக உள்ளே வருவாள்.

"ஷைன்டல், கடவுளை நம்பு."

"நம்புறன். எட்ட நிண்டு நம்புறன். நீயும் எட்ட நில்."

ஒக்ரோபர் கடைசி வெள்ளிக்கிழமை ரிவ்காவுக்குப் பிள்ளை பிறந்தது. கலியாணம் முடித்து நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பிள்ளை, ஆண்பிள்ளை. ரிவ்காவின் வீடு அதே வீதியில் ஆறு வீடு தள்ளி. மல்கா பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்கிவிட்டாள். தாயையும் பிள்ளையையும் பார்க்க ஆள் வேண்டும்தானே. ஷைன்டல் சூப் காய்ச்சி, பானையைப் படியில் வைத்து, மணியடித்துவிட்டு வீதிக்கு ஓடிவந்து நிற்பாள். கதவைத் திறக்கிறது மல்கா. மல்காவின் தோளில் பிள்ளை.

எட்டாம் நாள் சுன்னத்தை ஷைன்டல் ரெலிபோனில் பார்த்தாள். பிள்ளை தெரியவில்லை. ஆம்பிளைகளின் முதுகுதான் தெரிந்தது.

"அவளின்ர மணம் இப்ப பிள்ளையில ஏறியிருக்கும்" என்றாள் என்னிடம். கையில் கழுவின விக் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. "நாப்பத்து மூண்டைத் தூக்கினவள் நாப்பத்து நாலாவதையும் தூக்கிறாள். எனக்கு ஒண்டு, நிரு. ஒரேயொரு பிள்ளை. எனக்கு வயிறு எரியுது."

அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பதைச் சொல்லவேண்டும், அல்லது மற்றது விளங்காது. தாயின் முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தால் முப்பத்தோராம் நாள் அவர்களுக்கு ஒரு சடங்கு. பிள்ளையை வெள்ளித் தட்டில் படுக்கவைத்து, பூசகர் வழியில் வந்த ஒருவர் கையில் கொடுத்து, வெள்ளிக்காசு கொடுத்து மீட்டு எடுப்பார்கள். வந்த பெண்கள் தங்கள் நகையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றி அந்தத் தட்டில் வைப்பார்கள். உள்ளிப் பல்லும் சீனிக்கட்டியும் வைத்து, பிறகு எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். அந்த உள்ளியை வீட்டில் கறிக்குள் போட்டால் சாப்பிடுகிற எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு. எங்களுக்கும் முப்பத்தொன்றுதான், துடக்குக் கழிவு என்று நான் சொன்னபோது ஷைன்டலுக்கு ஒரே சந்தோஷம். ஒரு தாய்க்கு அந்தச் சடங்கு வாழ்நாளில் ஒரு தரம்தான். முதல் பிள்ளை பெட்டையானால் அதுவும் இல்லை. பெஸிக்கு அது கிடைக்கவில்லை. ஷைன்டலுக்குப் பிள்ளையே இல்லை. பெஸியின் மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்றை ஷைன்டல் இருபத்தெட்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்தது அந்தத் தட்டுக்காக. பெஸியின் பேரனுக்குப் பக்கத்தில் பெஸியின் சங்கிலி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

ரிவ்கா ரெலிபோனில் சொல்லியிருந்தாள்: "ஷைன்டி, ஒருத்தரையும் கூப்பிடேல்லை. நாங்களும் அந்தப் பூசகரும் மட்டும். பத்து நிமிஷம். நான் உங்களுக்கு வீடியோவில காட்டுறன்." ரொறொன்ரோவில் அந்தக் கிழமைதான் திரும்பவும் லொக்டவுன் தொடங்கியது. ஷைன்டல் அதை நம்பினாள். சங்கிலி அடுத்த கிழமை போகட்டும், அடுத்த வருஷம் போகட்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பக்கவாசல் படியில் ஒரு பெட்டி. மல்காவின் பெட்டி. எப்போதும் பையோடு உள்ளே வருகிறவள், முதல் தரமாகப் பெட்டியில் வைத்து, மணியும் அடிக்காமல் போயிருக்கிறாள். மேலே ஒரு துண்டு: "வெள்ளி மத்தியானம் எடுக்கிறேன். ஞாயிறுக்கு வேண்டும்." அன்று மத்தியானத்துக்குள் மல்காவின் நாலு மகள்மாரின் பெட்டிகளும் வந்தன. எல்லாவற்றிலும் ஞாயிறு.

வியாழக்கிழமை நான் அந்த ஐந்து பெட்டியையும் திறந்து ஐந்து தலையில் மாட்டினேன். ஐந்தும் நல்ல விக். ஷைன்டல் வந்து பார்த்தாள். விரலை மடித்து நாளை எண்ணினாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"ஞாயிறு முப்பத்தோராம் நாள்" என்றாள்.

நான் சீப்பைக் கீழே வைத்தேன்.

"கூப்பிட்டா நான் போயிருக்கமாட்டன், நிரு. எனக்குத் தெரியும். ரிவ்காவுக்கும் தெரியும். அதுக்காகக் கூப்பிடாமல் விடுறதோ? நான் வரேல்லை எண்டு சொல்லுறதுக்காவது என்னைக் கேட்டிருக்க வேண்டாமோ?"

எழுந்து மேலே குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருந்த துண்டை எடுத்தாள். சனம் கூடினால் நகரசபைக்கு அறிவிக்கிற நம்பர் அதில் இருந்தது.

"முப்பது பேர் ஒரு பேஸ்மென்ற்றில. நடுவில ஒரு மாதப் பிள்ளை. அதுக்கு ஏதும் வந்தால்? இது பாதுகாப்புக்குத்தானே? சொல்லு, நிரு. பாதுகாப்புக்குத்தானே?"

தங்கள் ஆட்களை வெளி அதிகாரத்திடம் காட்டிக்கொடுப்பது அவர்களுக்குள் பெரிய பாவம். அப்படிச் செய்தவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை நல்ல வாயால் சொல்லமாட்டார்கள். எங்களுக்கும் இருக்கிறது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இராணுவத்துக்கு ஆள் காட்டுகிறவனை ஊரில் தலையாட்டி என்போம். ஷைன்டல் நம்பரை அழுத்தத் தொடங்கினாள்.

"நான் செய்தனான்" என்றேன்.

"என்ன?"

"உதே வேலை. என்ர தங்கச்சிக்கு."

அதுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லாததை அந்தக் குசினியில் நின்று சொன்னேன். என் தங்கச்சி சாம்பவி ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கியிருக்கிறாள். அவளும் புருஷன் ராகுலனும் கொரோனாவை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. குடும்ப வட்ஸ்அப்பில் நான் அவர்களை ஏசிக்கொண்டிருந்தேன். ஒக்ரோபர் முதல் கிழமை அவர்களுடைய மகள் அட்சயா பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியச் சடங்கு. எழுபது பேர். எனக்குச் சொல்லவில்லை. நான் அட்சயாவின் ஒரே பெரியம்மா, ஆலாத்தி எடுக்க வேண்டியவள், சேலை எடுத்து வைத்திருந்தவள். வட்ஸ்அப் ஸ்ரேற்றசில்தான் பார்த்தேன். என் இடத்தில் ராகுலனின் அண்ணி ஆலாத்தித் தட்டோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்ன யோசிப்பு? ரெலிபோன் எடுத்து விலாசத்தைச் சொன்னேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை. அதிகாரிகள் போனபோது பிள்ளை மணவறையில் இருந்ததாம். சனம் பின்கதவால் ஓடிற்றாம். அட்சயா அந்தச் சேலையோடு அழுதுகொண்டு நின்றாளாம்.

"பாதுகாப்புக்கு எண்டுதான் நானும் சொன்னனான்" என்றேன் ஷைன்டலிடம். "பாதுகாப்பும் இல்லை, மண்ணும் இல்லை. எரிச்சல்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு நித்திரை வந்ததோ உனக்கு?"

"வந்தது. அதுதான் பயமாயிருக்கு."

ரெலிபோனை வைத்தாள். துண்டைத் திரும்பவும் பிரிட்ஜில் ஒட்டினாள். என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மல்காவின் விக்கை என்னைத் தொடவிடவில்லை. தானே சுருட்டினாள், தானே சீவினாள். மூன்று மணித்தியாலம். நான் அந்தப் பதினொரு வருஷத்தில் அவள் கையால் அப்படி ஒரு வேலை பார்த்ததில்லை. முடிந்ததும் ஒரு சின்னத் துணிப்பையைப் பெட்டிக்குள், விக்குக்கு அடியில் வைத்தாள். அதோடு ஒரு கடிதம். வாசித்துக் காட்டினாள்: "மல்கா, இது பெஸியினுடையது. தட்டில் பிள்ளையின் வலப்பக்கம் வை. நான் தந்தது என்று சொல்லத் தேவையில்லை."

"ரிவ்காவுக்கு ஒருக்கால் ரெலிபோனில சொல்லிவிடுங்கோவன்" என்றேன்.

"ஒளிச்ச பிள்ளைக்கு நான் ஏன் சொல்லவேணும்? தட்டில பாக்கட்டும். பாத்தால் விளங்கும்." படியேறப் போனவள் திரும்பினாள். "நிரு, இந்தப் பெட்டிக்கு ஸ்ரிக்கர் ஒட்டாதை."

ஓய்வுநாள் பிறக்க முன்னர் சமையல் முடிக்கவேண்டும் என்று மேலே போய்விட்டாள். பெட்டியும் நானும் நின்றோம்.

இதை நான் நல்லாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். நான் என் வெட்கத்தை எடுத்து முன்னால் வைத்தபடியால்தான் அவள் ரெலிபோனை வைத்தாள். அவள் கை சுத்தமாக நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரிவ்கா அந்தச் சங்கிலியைக் கண்டு அழுவாள், ஓடிவருவாள், எல்லாம் சரியாகிவிடும். ஒரு சங்கிலியோடு முடிந்துவிடுகிற கோபம். எனக்கு? நான் எடுத்து வைத்த சேலை வெக்ஸ்போர்ட்டில் அலுமாரிக்குள் கிடந்தது. சாம்பவி என்னோடு பேசி ஏழு கிழமை. ஏன் இவளுக்கு மட்டும் என்று எனக்குள் ஒன்று கேட்டது. மேசையில் காலையில் எழுதின ஸ்ரிக்கர் ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்து, பெட்டியின் மூடியில், நடுவில், அழுத்தி ஒட்டினேன்.

ஒட்டினால்தான் என்ன, மல்கா எந்தக் காலத்தில் அதை மதித்தவள் என்றும் அதே நேரம் நினைத்தேன். மனிசருக்கு எப்போதும் ஒரு பின்கதவு வேணும்.

மத்தியானம் மல்கா வந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள். எனக்குத் திக்கென்றது. படியிலேயே நின்றாள். பெட்டியைத் தள்ளி வைத்தேன். மூடியைப் பார்த்தாள், வாசித்தாள், என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை நாள். இரண்டு மணிக்கு ரிவ்காவின் வீடியோ வந்தது. ஆட்கள் தெரியக்கூடாது என்று ரெலிபோனைத் தட்டுக்குக் கிட்டவே பிடித்தாள். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு கண்ணை மூடிக் கிடந்தான். சுற்றிவர முத்துமாலை, காப்பு, மோதிரம், உள்ளிப் பல், சீனிக்கட்டி. ஷைன்டல் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, ரெலிபோனை முகத்தோடு ஒட்டிக்கொண்டு தேடினாள். வலப்பக்கம் தேடினாள். இடப்பக்கம் தேடினாள். பிள்ளையின் காலடியில் தேடினாள்.

"காணேல்லை" என்றாள்.

நான் அவள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு கணம் மல்கா குனிந்தாள். அவள் தலையில் விக் இல்லை. வீட்டு வேலைக்குக் கட்டுகிற பழைய நீலத் துணி. எனக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஷைன்டலின் கண் தட்டை விட்டு அசையவில்லை.

பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"அவள் வைக்கேல்லை" என்றாள் ஷைன்டல். "தன்ர முத்துமாலையை வைச்சிருக்கிறாள். பெஸியின்ர சங்கிலியை வைக்கேல்லை. செத்தவளோடையும் போட்டியோ இவளுக்கு?" அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. ஆஸ்துமாவும் சேர்ந்து இழுத்தது. மூச்சுக்கு அடிக்கிற பம்பை எடுத்துக் கொடுத்தேன். என் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் பக்கவாசலில் மணியடித்தது. மல்கா. ஆறடி தள்ளி, புல்லில் நின்றாள். மாஸ்க் நனைந்திருந்தது.

"இப்பதான் திறந்தனான், ஷைன்டல். மூண்டு நாள் முடியத்தான் திறந்தனான். பிள்ளை உள்ள வீடு, இந்த ஒருக்காலாவது ஷைன்டியின்ர சொல்லைக் கேளுங்கோ அம்மா எண்டு ரிவ்கா கேட்டவள். மாஸ்க்கும் அவளுக்காகத்தான். நானும் சரி எண்டு பெட்டியைக் கராஜில வைச்சிட்டன். துணி கட்டிக்கொண்டுதான் சபையில நிண்டனான், என்ர மகள்மார் ஒவ்வொருத்தியும் சிரிச்சவள். எனக்குத் தெரியாதே. உள்ளுக்கை இது இருக்கெண்டு தெரியாதே."

துணிப்பையைப் படியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கடதாசிச் சரையில் உள்ளியும் சீனிக்கட்டியும் வைத்தாள். ஷைன்டல் வாசலில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறடி. கட்டிப்பிடிக்க முடியாது. மல்கா அழுதுகொண்டே வீதியால் நடந்து போனாள்.

ஷைன்டல் சங்கிலியைக் கையில் எடுத்தாள். கராஜுக்குக் கொண்டுபோகவில்லை.

"நேற்று முழுக்க நான் அவளைச் சபிச்சனான்" என்றாள். "பார் நிரு, இதிலயும் அவள்தான் நல்லவள் ஆகிட்டாள். எனக்கு அதையும் விட்டுவைக்கேல்லை."

பிறகு கேட்டாள்: "ஸ்ரிக்கர் ஒட்டினனியோ?"

"பழக்கத்தில கை போயிட்டுது" என்றேன்.

சங்கிலியைத் திரும்பவும் துணிப்பைக்குள் போட்டாள்.

"ஓம்" என்றாள். "நான்தானே பழக்கினனான்."

சரையைப் பிரித்து, இரண்டு உள்ளிப் பல்லும் ஒரு சீனிக்கட்டியும் என் கையில் வைத்தாள். "உன்ர தங்கச்சி வீட்டுக் கறியில போடு" என்றாள். சீனிக்கட்டியை பஸ்சில் வரும்போதே தின்றுவிட்டேன். உள்ளியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகிற முகம் எனக்கு இருக்கவில்லை. என் வீட்டு ரசத்தில் தட்டிப் போட்டு, நான் தனியக் குடித்தேன்.

அந்தச் சடங்குக்குப் போன முப்பது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வசந்தத்தில் தடுப்பூசி போட்டு இரண்டு கிழமை கழித்து ஷைன்டல் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அவன் நல்ல பாரமாகியிருந்தான். ஷைன்டலைக் கண்டு வீரிட்டு அழுது, மல்காவிடம் தாவினான். இப்போது அவனுக்கு நாலு வயது. கடைக்கு வந்து, விக் தலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து விளையாடுகிறான். ரிவ்காவுக்கு அதற்குப் பிறகு இரண்டு பெட்டைகள். தட்டு இல்லை, சடங்கு இல்லை. சங்கிலி ஷைன்டலின் மேசை லாச்சியில், கொண்டையூசிகளோடு கிடக்கிறது. லாச்சியைத் திறக்கிற நேரங்களில் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

சாம்பவி அடுத்த வருஷம் தானாகவே என்னோடு பேசத் தொடங்கினாள். அதிகாரிகளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் அண்ணைதான் என்று அவளும் ராகுலனும் முடிவு கட்டிவிட்டார்கள். நாலு வருஷமாக அந்த மனிசனோடு பேச்சில்லை. ஸ்ரௌவ்வில்லில் ஆறடிக்கு வேலி அடித்திருக்கிறார்கள். பொன்னம்பலம் அண்ணை இன்னமும் ஏன் என்று தெரியாமல், பனி விழுந்தால் அவர்களுடைய நடைபாதையையும் சேர்த்து வழித்துவிடுகிறார். நான் போகும்போது எனக்கும் கை காட்டுவார்.

இதையெல்லாம் தமிழில் எழுதினதற்குக் காரணம், ஷைன்டலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதுதான். அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் சாம்பவிக்குத் தெரியும். எழுதினதை ஒரு உறையில் போட்டு, அவளுடைய விலாசம் எழுதிவிட்டேன். ஸ்ரிக்கர் ஒன்றும் ஒட்டவில்லை.